வலது மூலையில் இரண்டு வரி

ஆரோக்கிய ராணி படியேறி வந்தபோது காலை பதினோரு மணி. கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் கோர்ட் காகிதங்கள். மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கும் பெலிசியாவின் அலுவலகத்துக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கவரோடு வருவார்கள், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். ராணியும் நின்றுகொண்டேதான் பேசினாள்.

"மேடம், என் பொண்ணு என்னைப் பாத்தா ஓடி ஒளியறா. பத்து வயசுதான் ஆவுது. நேத்து சிதம்பரம் போயி அவ ஸ்கூல் வாசல்ல நின்னேன். டீச்சர் முதுகுக்குப் பின்னால போயி மறைஞ்சிக்கிட்டா."

"அவகிட்ட யாரு என்ன சொன்னாங்க?"

"யாரும் சொல்லல. அவளே படிச்சா." கவரை மேசைமேல் வைத்தாள். "நான் எழுதாத லெட்டரு மேடம்."

பெலிசியா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இருபத்திரண்டு வருஷம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தவள். பொய்ச்சாட்சி சொல்கிறவர்களைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வெறுத்துப்போய், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, தனியார் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். சத்தம் போட்டுப் பேச மாட்டாள். அவளுக்கும் சேர்த்துப் பேச உதவியாளன் செம்பியன் இருந்தான். கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தவன், முப்பத்துநாலு வயது, வாய் ஜாஸ்தி.

ராணி சொன்னது இதுதான். தேவனாம்பட்டினம் ரோட்டில் வாடகை வீடு. வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள் எல்லாம் டைப் அடித்துக் கொடுப்பாள். கணவன் சகாய ஆனந்த் மூன்று வருஷம் குவைத்தில் இருந்துவிட்டுப் போன டிசம்பரில் திரும்பி வந்தான். வந்ததிலிருந்து சண்டை. பிப்ரவரியில் சிதம்பரத்தில் அவன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டான். மகள் ரீட்டா ராணியோடு இருந்தாள். ஜூன் பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மகளைப் பார்க்க வந்தவன், "நீ வரைஞ்ச படம்லாம் காட்டுடா செல்லம்" என்று கேட்டிருக்கிறான். ரீட்டா கம்ப்யூட்டரைத் திறந்து தன் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குப் போனாள். அங்கே பெயர் தெரியாத ஒரு ஃபைல் இருந்தது. "இது என்னது, தொற பாப்போம்" என்றான் அப்பன். குழந்தை திறந்தது, படித்தது. அடுத்த ஞாயிறு வெளியே கூட்டிப்போகிறேன் என்று கூட்டிப்போனவன் திரும்பக் கொண்டுவந்து விடவில்லை, சிதம்பரத்திலேயே ஒரு ஸ்கூலில் சேர்த்துவிட்டான். ரீட்டாவும் வர மாட்டேன் என்றாளாம். பின்னாலேயே கோர்ட் நோட்டீஸ் வந்தது, குழந்தை இனி அவன் பொறுப்பில்தான் இருக்க வேண்டும் என்று.

"வர்ற வெள்ளிக்கெழமை வாய்தா. எங்க வக்கீல் தேவநாதன் சாரே, 'மாசத்துல ரெண்டு நாள் பாக்கறதுக்குக் கேட்டு வாங்கிக்கலாம்மா, இதுக்கு மேல இந்த லெட்டர வெச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது'ன்றாரு. மாசத்துல ரெண்டு நாளு. பெத்தவ நானு."

காகிதங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, கடிதம். மற்றொன்று, அதே கடிதம் கம்ப்யூட்டர் திரையில் திறந்திருப்பதைக் காட்டும் ஸ்கிரீன்ஷாட். அதுவும் அதே ஃபோல்டரில் இருந்ததாம். ஃபைல் உண்டான தேதி 2023 ஆகஸ்ட் 11, காலை 11.20. ஸ்கிரீன்ஷாட்டில் கீழே கடிகாரமும் அதே தேதியைக் காட்டியது. அப்போது கணவன் குவைத்தில். வீட்டில் ராணி மட்டும்.

பெலிசியா கடிதத்தை வாய்விட்டுப் படித்தாள். "எழில், அவர் வருவதற்குள் நாம் ஒரு முடிவுக்கு வர வேண்டும். ரீட்டாவை எங்காவது விடுதியில் சேர்த்துவிடலாம். அவள் பிறக்காமலே இருந்திருந்தால் நான் என்றைக்கோ நிம்மதியாக இருந்திருப்பேன். உன்னோடு புதுச்சேரிக்கு வந்துவிடுகிறேன். ராணி."

"எழில்னு நான் யாரையும் கூப்பிட்டதில்ல," என்று ராணி படபடத்தாள். "பிரஸ் வெச்சிருக்கற எழிலன் சாரு எனக்கு வேலை குடுக்கறவரு. அறுபத்தோரு வயசு, பேரன் எடுத்தவரு. அவரு வருவதற்குள்ளன்னு எழுதியிருக்கு, நான் என்னிக்கு என் வீட்டுக்காரருக்குப் பயந்தேன்? விடுதி எங்க இருக்குன்னே எனக்குத் தெரியாது. பாண்டிச்சேரிக்கு நான் போயே நாலு வருஷம் ஆவுது."

பெலிசியா பென்சிலை எடுத்து, ஒரு வரியின் பக்கத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். செம்பியன் அதைக் கவனிக்கவில்லை. அவன் கொதித்துக்கொண்டிருந்தான்.

"அந்தாளே பென் டிரைவ்ல கொண்டாந்து போட்டிருப்பான்கா! புள்ள கண்ணெதிர்லயே!"

"பென் டிரைவ்லருந்து காப்பி பண்ணா என்ன தேதி விழும்?"

செம்பியன் வாயை மூடி, பிறகு திறந்தான். "காப்பி பண்ண அன்னிக்குத் தேதிதான் ஃபைல் உண்டான தேதியா விழும். பழைய தேதி விழணும்னா கடிகாரத்தப் பின்னுக்குத் தள்ளி வெச்சிட்டு, அந்தக் கம்ப்யூட்டர்லயே உக்காந்து செய்யணும். நிதானமா செய்யணும்."

"பத்து நிமிஷம்தான் இருந்தாரு அன்னிக்கு," என்றாள் ராணி. "நான் பக்கத்துலயே டீ போட்டுக்கிட்டிருந்தேன்."

"அந்தக் கம்ப்யூட்டர் எப்பவாவது உன் கைய விட்டுப் போச்சா?"

"ரிப்பேருக்குப் போச்சு மேடம். மே கடைசில இடி விழுந்துச்சு இல்ல, அன்னிக்கு அவுட்டு. என் தம்பி டேனி சிதம்பரத்துல இருக்கான், டிராவல்ஸ் ஆபீஸ்ல டிக்கெட் போடறவன். 'நம்ம ஹுமாயூன் பாய் கடை இருக்குக்கா'ன்னு ஜூன் மூணாந் தேதி அவந்தான் தூக்கிக்கிட்டுப் போனான். மதர்போர்டு போயிடுச்சு, புது போர்டு சென்னையிலருந்து வரணும்னு நாலு நாளு ஆச்சு. ஏழாந் தேதி சனிக்கெழம சாயங்காலம் கொண்டாந்து வெச்சான். ஆன் பண்ணா விண்டோஸ் ஆக்டிவேட் பண்ணலன்னு வந்துச்சு."

"அது ஏன் அப்படி வருது?" பெலிசியாவுக்குத் தெரிந்திருந்தாலும் கேட்பாள். பதில் சொல்கிறவர்கள் வேறு எதையாவது சேர்த்துச் சொல்வார்கள் என்பது அவள் அனுபவம்.

"லைசென்ஸு மதர்போர்டோட ஒட்டிக்கிட்டிருக்கும் மேடம். போர்ட மாத்தினா இது வேற கம்ப்யூட்டர்னு நெனச்சிக்கும். டேனி, 'அதெல்லாம் விடுக்கா, எல்லா எடத்துலயும் அப்படித்தானே ஓடுது'ன்னான். எனக்கு மனசு கேக்கல. ரெண்டாயிரத்து இருபத்திரெண்டுல கம்ப்யூட்டர் வாங்கினப்பவே ஒழுங்கா லைசென்ஸ் வாங்கி என் மெயில்ல சேத்து வெச்சிருந்தேன். செட்டிங்ஸ்ல போயி, இதுல ஹார்டுவேர் மாத்தியிருக்குன்னு ஒரு வரி இருக்கும், அத அமுக்கி, மெயில் பாஸ்வேர்டு போட்டேன். என் பேர்ல இருக்கற கம்ப்யூட்டர் பட்டியல் வந்துச்சு. இதுதான்னு டிக் பண்ணேன். டேனி டீ குடிச்சி முடிக்கறதுக்குள்ள சரியாயிடுச்சு."

செம்பியன் அசௌகரியமாக நெளிந்தான். அவன் கம்ப்யூட்டரிலும் மூன்று வருஷமாக அதே அறிவிப்புதான் தொங்கிக்கொண்டிருந்தது. 'டைம் கெடைக்கும்போது பண்றேன்கா' என்று சொல்லிச் சொல்லியே மூன்று வருஷத்தை ஓட்டிவிட்டான்.

"அந்த பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான். கம்ப்யூட்டர் தொறக்கற நாலு நம்பரு மட்டும் வீட்ல எல்லாருக்கும் தெரியும். ரீட்டா பொறந்த நாளு."

ராணி போன பிறகு பெலிசியா ஸ்கிரீன்ஷாட் பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். வலது மூலையில் கடிகாரத்துக்குச் சற்று மேலே சாம்பல் நிறத்தில் அழுக்குப் பட்டது போல் இரண்டு வரி இருந்தது.

"இது என்னா செம்பியா?"

"ஜெராக்ஸ் மிஷின் அழுக்குக்கா. கீழ் கடைக்காரனுக்கு எத்தன தடவ சொன்னாலும் தொடைக்க மாட்டான்."

"இது கீழ் கடைல எடுத்தது இல்லையே," என்றாள் பெலிசியா.

மறுநாள் காலை சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார்கள். ஹுமாயூனின் கடை மேல வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. பத்துக்குப் பத்து அறை. ஆனாலும் ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒரு டப்பா, ஒவ்வொரு வேலைக்கும் ஓர் அட்டை. ஓடிக்கொண்டிருந்த மூன்று கம்ப்யூட்டர் திரைகளும் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. இப்படி ஒரு கடையைப் பார்த்தால் செம்பியனுக்குப் பொறாமை வரும், வந்தது.

ஹுமாயூன் அட்டையைத் தேடி எடுத்தார். "ஆரோக்கிய ராணி, கடலூர். மதர்போர்டு மாத்தினது. நாந்தான் செஞ்சேன். போர்டு ஓரத்துல மார்க்கர்ல தேதி போட்டு என் கையெழுத்து இருக்கும், பாருங்க."

"சென்னையிலருந்து போர்டு வரவழைச்சீங்களாமே, நாலு நாள் ஆச்சாமே," என்றாள் பெலிசியா.

"யாருங்க சொன்னது?" ஹுமாயூனுக்கு முகம் சிவந்துவிட்டது. "என் ரேக்குலயே ரெண்டு போர்டு இருந்துச்சு. மூணாந் தேதி காலைல பதினொண்ணுக்கு வந்துச்சு, அன்னிக்கே சாயங்காலம் அஞ்சு மணிக்குக் குடுத்துட்டேன். இந்தா, வாங்கிக்கிட்டவரு கையெழுத்து."

அட்டையில் டேனியின் கையெழுத்து தெளிவாக இருந்தது. ஜூன் மூன்று, மாலை ஐந்து.

"போர்டு மாத்தினதும் ஆன் பண்ணிப் பாத்திருப்பீங்களே, அப்ப கஸ்டமரோட ஃபைலெல்லாம் தெரியுமில்ல?"

"தெரியாது. ஏன்னா, அவங்க ஹார்டு டிஸ்க நான் மாட்டவே மாட்டேன். கம்ப்யூட்டர் வந்ததும் டிஸ்க கழட்டிக் கவர்ல போட்டு, ஸ்டிக்கர் ஒட்டி, அவங்க கையெழுத்து வாங்கித் தனியா வெச்சிடுவேன். என் கடை டிஸ்க மாட்டித்தான் டெஸ்ட் பண்ணுவேன். அந்த டிஸ்க்குல குடும்பத்து போட்டோ இருக்கும், பேங்க் விவரம் இருக்கும். அது அமானிதம், நம்மள நம்பிக் குடுத்தது. ஸ்டிக்கரோடவே திருப்பிக் குடுத்துடுவேன். எங்க அத்தா காலத்துல ரேடியோ ரிப்பேருக்கும் இதே வழக்கம்தான்."

"அப்ப போர்டு மாத்தின பிறகு அந்த டிஸ்க மாட்டி மொதல்ல ஆன் பண்ணது நீங்க இல்ல."

"இல்லவே இல்ல. ஸ்டிக்கரப் பிரிக்கறது அவங்க பாடு. அந்தப் பையனும், 'நானே மாட்டிக்கறேன் பாய்'னு வாங்கிட்டுப் போனான்."

பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது பெலிசியா செம்பியனின் போனை வாங்கினாள். வக்கீல் அனுப்பியிருந்த ஸ்கிரீன்ஷாட்டின் அசல் படத்தை எடுத்து, வலது மூலையைப் பெரிதாக்கி அவன் கையில் கொடுத்தாள். செம்பியன் பார்த்தான். முட்லூர் வரும்வரை பேசவில்லை. அவன் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான்.

"நானு ஒரு மடையன்கா," என்றான் கடைசியில். "தெனமும் என் மூஞ்சிக்கு நேரா இருக்கறது."

அன்று மாலையே வக்கீல் தேவநாதனையும் சாட்சிக்கு வைத்துக்கொண்டு, ராணியின் கம்ப்யூட்டரில் செம்பியன் பார்க்க வேண்டியதைப் பார்த்துப் பிரதி எடுத்துக்கொண்டான். வக்கீலும் செம்பியனும் வெளியே போன பிறகு, பெலிசியா ராணியைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அன்னிக்கு லெட்டர்ல எல்லா வரிக்கும் பதில் சொன்ன. ஒரு வரிய மட்டும் தாண்டிப் போன. ரீட்டா பொறக்காம இருந்திருந்தாங்கற வரிய."

ராணி சிங்க்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அது நான் சொன்னதுதான் மேடம். ரெண்டு வருஷத்துக்கு முன்ன ரீட்டாவுக்கு டெங்கு. மூணு நாளு நான் கண்ண மூடல. குவைத்துக்குப் போன் போட்டா அவரு எடுக்கல. ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து டேனிக்குப் போன் பண்ணி, அழுதுகிட்டே அப்படிச் சொன்னேன். வாய் தவறி வந்துடுச்சு. சொன்ன கையோட வாயில அடிச்சிக்கிட்டேன். டேனிகிட்டத் தவிர யாருகிட்டயும் சொன்னதில்ல." பிறகு அவளுக்கே உறைத்தது. "ஐயோ. டேனியா மேடம்? என் டேனியா?"

பெலிசியா தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். "தேதியே போதும், அத வெச்சே உடைச்சிடலாம். இந்த வரியப் பத்தி இனிமே யாரு என்ன கேட்டாலும் வாயத் தொறக்காத. அத நீ சொன்னதா யாருக்கும் தெரிய வேணாம். முக்கியமா உன் பொண்ணுக்கு."

ராணி தலையாட்டினாள்.

வாய்தாவுக்கு முந்தைய நாள், தேவநாதனின் அலுவலகத்தில் எல்லோரும் கூடினார்கள். பேசி முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியதால் சகாய ஆனந்த் ஜெயித்துவிட்ட தோரணையில் வந்திருந்தான். துணைக்கு மச்சான் டேனி. அக்காவுக்கும் மாமாவுக்கும் நடுவில் சமாதானம் பேசுகிற நல்ல பிள்ளை மாதிரி நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தான். ரீட்டாவை முன்னறையில் வக்கீலின் டைப்பிஸ்ட் பெண்ணோடு உட்கார வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

பெலிசியா ஸ்கிரீன்ஷாட் படத்தை மேசையில் வைத்தாள். "இது நீங்க கோர்ட்டுல குடுத்தது. ரெண்டாயிரத்து இருபத்து மூணு ஆகஸ்டுல ராணி எடுத்ததா சொல்றீங்க. மூலைல ஏதோ எழுதியிருக்கே, படிங்க."

ஆனந்த் குனிந்து பார்த்தான். "ஏதோ அழுக்கு."

"நீங்களும் அழுக்குன்றீங்க. என் ஆளும் அழுக்குன்னான், இந்த வக்கீல் சாரும் அழுக்குன்னாரு. விண்டோஸ ஆக்டிவேட் பண்ணுங்கன்னு சொல்ற ரெண்டு வரி அது. லைசென்ஸ் இல்லாத கம்ப்யூட்டர்ல மட்டும்தான் வரும். இந்த ஊர்ல பாதி கம்ப்யூட்டர் அப்படித்தான் ஓடுது. பாத்துப் பாத்து நம்ம கண்ணுக்கு அது எழுத்தாவே தெரியறதில்ல. டேனி, உங்க டிராவல்ஸ் ஆபீஸ்ல எத்தன கம்ப்யூட்டர்?"

"நாலு," என்றான் டேனி.

"நாலுலயும் அந்த வரி இருக்கு. நேத்து செம்பியன் டிக்கெட் விசாரிக்கற மாதிரி வந்து பாத்துட்டான். ஆனா ராணியோட கம்ப்யூட்டர்ல அந்த வரி இருந்ததே இல்ல. அவ ஒழுங்கா லைசென்ஸ் வாங்கினவ. மதர்போர்டு மாத்தினதாலதான் அந்த லைசென்ஸ் அறுந்துச்சு. மாத்தினது ஜூன் மூணு. ராணி உக்காந்து சரி பண்ணது ஜூன் ஏழு, சாயங்காலம் ஆறே கால். இந்த ரெண்டுக்கும் நடுவுல மட்டும்தான் அந்த ரெண்டு வரி திரையில இருக்க முடியும். அப்ப இந்தப் படமும் அந்த நாலு நாளைக்குள்ள எடுத்ததுதான்."

"ரெண்டாயிரத்து இருபத்து மூணுலயும் லைசென்ஸ் இல்லாமதான் இருந்திருக்கும்," என்றான் ஆனந்த். "அவ சொல்றத நீங்க நம்புவீங்க."

செம்பியன் இதற்காகத்தான் காத்திருந்தான். "அவுங்க சொல்றத நம்ப வேணாம் சார். கம்ப்யூட்டர் சொல்றத நம்புங்க. நடக்கறதையெல்லாம் அது ஒரு பதிவேட்டுல எழுதிக்கிட்டே இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் வரிசையா நம்பர் போடும். தேதிய நம்ம மாத்தலாம், நம்பர மாத்த முடியாது. ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. இந்தா பாருங்க, ஜூன் மூணாந் தேதி ராத்திரி பதிவு. அதுக்கு அடுத்த நம்பர்ல திடீர்னு ஆகஸ்ட் பதினொண்ணு, ரெண்டாயிரத்து இருபத்து மூணு. அதுக்கு அடுத்த நம்பர்ல மறுபடியும் ஜூன் நாலு. அந்த ஆகஸ்ட் பதிவு என்ன சொல்லுது தெரியுமா? ஹார்டுவேர் மாறியிருக்கு, லைசென்ஸ் செல்லாதுன்னு சொல்லுது. ஜூன் மாசம் மாத்தின போர்டப் பத்தி, ரெண்டு வருஷத்துக்கு முன்னாலயே கம்ப்யூட்டர் குறி சொல்லியிருக்கு சார்!"

பெலிசியா ஹுமாயூனின் அட்டைப் பிரதியை டேனிக்கு முன் நகர்த்தினாள்.

"மூணாந் தேதி அஞ்சு மணிக்கே வாங்கிட்ட. அக்காகிட்ட சென்னையிலருந்து போர்டு வரணும்னு சொன்ன. நாலு நாளும் அது உன் ரூம்ல இருந்துச்சு. வெறும் ஃபைல் மட்டும் இருந்தா தேதிய நம்ப மாட்டாங்கன்னு, கடிகாரம் தெரியற மாதிரி ஒரு படமும் எடுத்து வெச்ச. நாலு நம்பர் போட்டுத் தொறக்க உனக்குத் தெரியும். அந்த ரெண்டு வரிய எடுக்கறதுக்கு அக்காவோட பாஸ்வேர்டு வேணும், அது உனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் எடுத்திருக்க மாட்ட. அது உன் கண்ணுலயே படல."

டேனியின் நெற்றியில் வேர்த்தது. ஆனாலும் விடவில்லை. "ஹுமாயூன் பாய் கடைல யாராவது எழுதியிருக்கலாம். இல்ல, எப்படின்னாலும் அக்காவே எழுதியிருக்கலாம். எனக்கென்ன தெரியும்? நான் எங்கக்காவ அப்படிச் செய்வனா? அந்த மாதிரி வார்த்தைய என்னால எழுத முடியுமா? அக்கா, நீயே சொல்லு!"

பெலிசியா சட்டென்று ராணியின் கையைப் பிடிக்கப் போனாள். பிடிப்பதற்குள் ராணி எழுந்துவிட்டாள்.

"ஏன்டா முடியாது? என் வாயிலருந்து வாங்கினதுதானேடா அது! ஆஸ்பத்திரி வராண்டாவுலருந்து உன்கிட்ட அழுதேனேடா! இவ பொறக்காம இருந்திருந்தா நான் நிம்மதியா இருந்திருப்பேன்னு உன்கிட்டதானேடா சொன்னேன்! கூடப் பொறந்தவன்னு நெனச்சிதானேடா சொன்னேன், பாவி! அத எடுத்து வெச்சிருந்து, என் புள்ளைக்கே படிக்கக் குடுத்திருக்கியே!"

வக்கீல் தேவநாதன் அவளை உட்கார வைக்கப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. டேனி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

சகாய ஆனந்த் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். "எனக்கு இதெல்லாம் தெரியாதுங்க. மச்சான்தான் லெட்டர் இருக்குன்னு சொன்னான், நான் நம்பினேன்."

டேனி கையை எடுத்தான். "மாமா! நீங்க குவைத்துல இருந்த தேதியா பாத்துக் குடுத்தது நீங்கதானே? இதச் செஞ்சா உன்னக் குவைத்துக்கு அனுப்பறேன், விசாவுக்கு சொல்லிட்டேன், அடுத்த மாசம் பிளைட்டுன்னு சொன்னீங்களே! ரீட்டாவோட ஃபோல்டர்ல போடு, அவளே தொறந்தாத்தான் நம்புவாங்கன்னு சொன்னது நீங்கதானே!"

பெலிசியா இத்தனை வருஷத்தில் எத்தனையோ கேவலங்களைப் பார்த்தவள். இருந்தும் அந்தக் கடைசி வார்த்தைக்கு அவள் முகம் கோணியது. "பெத்த புள்ளைய விட்டே தொறக்க வெச்சீங்க," என்றாள் ஆனந்திடம். "அவ மேல அவ்வளவு ஆசை உங்களுக்கு. இல்ல?"

ஆனந்துக்குக் குழந்தை வேண்டியிருக்கவில்லை. தான் இல்லாமல் இவள் சம்பாதித்து நிமிர்ந்து நடப்பதுதான் பொறுக்கவில்லை. இந்த மாதிரி ஆண்பிள்ளைகளுக்கு ஊரில் பஞ்சமே இல்லை. மனுவை வாபஸ் வாங்குவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். குழந்தை இன்றைக்கே அம்மாவோடு போகும் என்றும் எழுதினான். இல்லாவிட்டால் போலீசுக்குப் போவோம் என்று தேவநாதன் சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்தான். டேனி போகும்போது "அக்கா" என்றான். ராணி திரும்பவில்லை.

செம்பியன் சந்தோஷமாகக் கதவைத் திறந்தான். திறந்தவன் அப்படியே நின்றுவிட்டான். ரீட்டா கதவுக்கு அந்தப் பக்கம், ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். பின்னால் டைப்பிஸ்ட் பெண் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். "சத்தம் கேட்டதும் ஓடி வந்துட்டா சார், எவ்வளவு கூப்பிட்டும் வரல."

ராணி ஓடிப்போய் முட்டிபோட்டு மகளைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, அம்மா எழுதலடி. அது மாமா எழுதினது. அம்மா அத எழுதவே இல்ல."

"எழுதினது மாமா," என்றாள் ரீட்டா. "சொன்னது நீதானேம்மா?"

ராணி பெலிசியாவைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லிவிடு என்று பெலிசியாவுக்குச் சொல்லத் தோன்றியது. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பொய்ச்சாட்சியைக் கேட்க ஆசைப்பட்டாள். ஆனால் கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்ட குழந்தையிடம் எந்தப் பொய் எடுபடும்?

"ஆமாண்டி," என்றாள் ராணி. "சொன்னேன். அன்னிக்கு உனக்கு ரொம்ப ஜொரம். அம்மா மூணு நாளா தூங்கல. உனக்கு என்ன ஆவுமோன்னு பயத்துல, கிறுக்குப் புடிச்சாப்ல சொல்லிட்டேன். மனசுல இருந்து சொல்லலடி. என்ன மன்னிச்சிடு."

ரீட்டா அழவில்லை, கோபப்படவும் இல்லை. ஸ்கூல் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அம்மாவின் கையைப் பிடித்தாள்.

"வீட்டுக்குப் போலாம்மா," என்றாள். "இனிமே ஜொரம் வந்தா நான் உன்கிட்ட சொல்ல மாட்டேன்."